கதண்டு கொட்டினதுக்கு அட்ரினலின் ஊசி: பிபி இருக்கறவருக்குப் போடலாமா?

தென்னந்தோப்பு

வணக்கம். போன வாரம் அப்பா பம்புசெட்டுக்குப் பின்னாடி காஞ்ச மட்டையை இழுத்துப் போடும்போது கதண்டு (பெரிய குளவி) கொட்டிடுச்சு. கழுத்துல ரெண்டு இடம், கையில ஒண்ணு. அம்மா சுண்ணாம்பு தடவினாங்க. கால் மணி நேரத்துக்குள்ள உடம்பெல்லாம் தடிச்சுத் தடிச்சு வந்துடுச்சு, உதடு வீங்கிடுச்சு, ஒரு தடவை வாந்தி. தொண்டையில என்னவோ அடைக்குதுன்னார். பக்கத்துல இருக்கற கிளினிக்குக்குத் தூக்கிட்டுப் போனோம். அவிலும் (அரிப்பு, தடிப்புக்குப் போடற ஊசி) எஃப்கார்லினும் (ஸ்டீராய்டு ஊசி) போட்டு பெஞ்சுல உக்கார வெச்சாங்க. தடிப்பு கொஞ்சம் அமுங்கின மாதிரி இருந்துச்சு. பாத்ரூம் போறேன்னு எழுந்தவர் அப்படியே சரிஞ்சுட்டார்.

108-ல வந்த தம்பி தரையிலேயே படுக்க வெச்சு, காலைத் தூக்கி வெச்சார். எழுந்திருக்கவே விடல. அரசு ஆஸ்பத்திரிக்குப் போனதும் வேட்டியை விலக்கித் தொடையில ஒரு ஊசி போட்டாங்க. அட்ரினலினாம். கொஞ்ச நேரத்துல கை நடுங்குது, நெஞ்சு படபடன்னு அடிக்குதுங்கறார். ஆனா பேச்சு வந்துடுச்சு. அப்புறம் இன்னொரு ஊசியும் அதே தொடையில. ஒரு நாள் வெச்சிருந்து அனுப்பிட்டாங்க. இப்ப நல்லா இருக்கார்.

பிரச்சினை சித்தப்பாதான். "அது நெஞ்சு நின்னுபோனவனுக்குப் போடற ஊசிடா, பிபிக்காரனுக்குப் போய் போட்டிருக்காங்க, ஏதாவது ஆகியிருந்தா?"ன்னு வர்றவங்ககிட்டயெல்லாம் சொல்லிட்டிருக்கார். அப்பாவுக்கு 61 வயசு, பிபிக்கு அடினோலால் சாப்பிடறார். அவில் போட்டதுக்கு அப்புறமும் இது தேவைதானா? மறுபடி கொட்டினா என்ன செய்யணும்? இந்த ஊசியை வீட்டுல வாங்கி வெச்சுக்கலாமா? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

ராத்திரி_ஷிஃப்ட்

சினிமாவுல நெஞ்சுல ஓங்கிக் குத்துவாங்களே, அந்த ஊசிதானே இது? அதைத் தொடையில போட்டா எப்படி வேலை செய்யும்? சும்மா தெரிஞ்சுக்கக் கேக்கறேன்.

பழைய_சிஸ்டர்

தம்பி, அந்த அரசு ஆஸ்பத்திரியில ஊசி போட்டவங்களுக்கு என் சார்பா ஒரு கும்பிடு சொல்லுங்க. வேட்டியை விலக்கித் தொடையிலன்னு நீங்க எழுதினதைப் படிச்சதுமே எனக்கு மூச்சு வந்துடுச்சு. அந்த 108 தம்பிக்கும் சேர்த்து ஒரு கும்பிடு. நான் அரசு ஆஸ்பத்திரி கேஷுவாலிட்டியில ஸ்டாஃப் நர்ஸா இருந்து ஓய்வு வாங்கினவ. கதண்டு, மலைத்தேனீ, பென்சிலின், பாம்புக்கடி மருந்து, எறான்னு அலர்ஜியில வந்த எத்தனையோ பேருக்கு என் கையாலயே இந்த ஊசியைப் போட்டிருக்கேன்.

அவில்ல இருந்து ஆரம்பிக்கிறேன். நம்ம ஊர்ல அலர்ஜின்னா அவில். அது ஒரு நம்பிக்கையாவே ஆயிடுச்சு. கேஷுவாலிட்டியில எனக்கு வயித்தைக் கலக்கற பேச்சு ஒண்ணு உண்டுன்னா அது "அவில் போட்டாச்சு சிஸ்டர், தடிப்பு குறைஞ்சுடுச்சு"ங்கறதுதான். அரிப்பும் தடிப்பும் ஆளைக் கொல்லாது தம்பி. கொல்றது ரெண்டு விஷயம். ஒண்ணு, தொண்டையும் மூச்சுக்குழாயும் வீங்கி அடைச்சுக்கறது. இன்னொண்ணு, ரத்தக்குழாய் எல்லாம் ஒரேயடியா தளர்ந்து, ரத்தத்துல இருக்கற நீர் சதைக்குள்ள கசிஞ்சு, பிபி விழுந்துடறது. இந்த ரெண்டுலயும் அவிலால ஒண்ணும் செய்ய முடியாது. போதாக்குறைக்குத் தூக்கம் வேற வரும். ஆள் தூங்கறாரா, பிபி விழுந்து மயங்கறாரான்னு நமக்கே புரியாது. எஃப்கார்லின் வேலை செய்யவே சில மணி நேரம் ஆகும். இங்கிலாந்துல 2021-ல புது வழிகாட்டுதல் போட்டப்ப, அனாஃபிலாக்சிஸுக்கான (உயிருக்கே ஆபத்தான அலர்ஜிக்கான) முதல் சிகிச்சையில இருந்து அவில் வகை மருந்துகளை எடுத்துட்டாங்க. ஸ்டீராய்டும் எல்லாருக்கும் வழக்கமாப் போட வேண்டாம்னு சொல்லிட்டாங்க. முதல் மருந்து அட்ரினலின்தான்.

அது என்ன செய்யும்னா, தளர்ந்த ரத்தக்குழாயை இறுக்கி பிபியை ஏத்தும். தொண்டை வீக்கத்தைக் குறைக்கும். மூச்சுக்குழாயை விரிக்கும். இதயத்தை வேகமா அடிக்க வைக்கும். இதெல்லாத்தையும் விட, அலர்ஜிச் சரக்கைக் கொட்டிக்கிட்டே இருக்கற செல்களை மேற்கொண்டு கொட்ட விடாம அடக்கும். இத்தனையையும் ஒரே ஊசியில செய்யற வேற மருந்து நம்மகிட்ட இல்ல. அப்பாவுக்குக் கை நடுங்கினதும் நெஞ்சு படபடத்ததும் மருந்து உள்ள போய் வேலை செய்யுதுங்கறதுக்கு அடையாளம். அந்த நடுக்கம் கொஞ்ச நேரத்துல தானா அடங்கிடும்.

ஏன் தொடைன்னா, தொடையோட வெளிப்பக்கச் சதை பெருசு, ரத்த ஓட்டமும் நல்லா இருக்கும். கனடாவுல குழந்தைகளை வெச்சு ஒரு ஆய்வு செஞ்சாங்க. தொடைச் சதையில போட்டப்ப ரத்தத்துல மருந்து உச்சத்துக்கு வர சராசரியா 8 நிமிஷம். அதையே தோலுக்கடியில போட்டா 34 நிமிஷம். குளவியோ தேனீயோ கொட்டி இறந்தவங்க கணக்கைப் பம்ஃப்ரீன்னு ஒரு மான்செஸ்டர் டாக்டர் எடுத்தார். கொட்டினதுல இருந்து மூச்சோ இதயமோ நிக்கற வரைக்கும் நடு அளவு 15 நிமிஷம். சாப்பாட்டு அலர்ஜின்னா 30. ஆஸ்பத்திரியில போடற மருந்தால வந்ததுன்னா 5. இப்ப ரெண்டையும் சேர்த்துப் பாருங்க: தோலுக்கடியில போட்டா மருந்து உச்சத்துக்கு வர்றதுக்குள்ள ஆள் போயிடலாம்.

அதே டாக்டர் இன்னொண்ணும் கவனிச்சார். பிபி விழுந்த ஆளைச் சட்டுனு எழுப்பி உக்கார வெச்சதும், நிக்க வெச்சதும் சிலர் அந்த நிமிஷமே போயிருக்காங்க. கால் பக்கம் தேங்கின ரத்தம் இதயத்துக்குத் திரும்பி வராது, அதான் காரணம். அப்பா பாத்ரூமுக்கு எழுந்ததும் சரிஞ்சது இதனாலதான். படுக்க வைக்கணும், காலைத் தூக்கி வைக்கணும். மூச்சு ரொம்பத் திணறினா மட்டும் காலை நீட்டி சாய்ஞ்சு உக்கார விடலாம். வாந்தி எடுத்தா ஒருக்களிச்சு. "கொஞ்சம் நடங்க, சரியாயிடும்"னு யாராவது சொன்னா அவங்களை வெளிய அனுப்புங்க.

இப்ப உங்க சித்தப்பா. அவர் சொல்றதுல பாதி சரி. இதயம் நின்னவங்களுக்கும் இதே மருந்துதான். ஆனா அளவும் வழியும் வேற. இதயம் நின்னவருக்கு ஒரு முழு மில்லிகிராமை 10 மில்லியாக் கலந்து வெயின்ல தள்ளுவோம், 3 - 5 நிமிஷத்துக்கு ஒருக்கா. அலர்ஜியில பெரியவங்களுக்கு அரை மில்லிகிராம், சதையில. அதாவது 1 மில்லி ஆம்பியூல்ல பாதி. குணமாகலைன்னா 5 நிமிஷம் கழிச்சு இன்னொரு பாதி. உங்க அப்பாவுக்கு ரெண்டு ஊசி போட்டது அதனாலதான். அதே முழு மில்லிகிராமைத் துடிச்சுட்டிருக்கற இதயம் உள்ளவருக்கு வெயின்ல தள்ளினா பிபி எகிறும், நெஞ்சு வலிக்கும், துடிப்பு தாறுமாறாயிடும். இந்த மருந்தைப் பத்தின பயமெல்லாம் அங்கருந்துதான் வந்திருக்கணும். தொடைச் சதையில அரை மில்லிகிராம்ங்கறது வேற கதை.

பிபி மாத்திரை சாப்பிடறவர்ங்கறதால ஊசியை நிறுத்தவே கூடாது. அந்த நேரத்துல அவருக்குப் பிபியே இல்லையே தம்பி! ஆனா அடினோலால் விஷயத்துல ஒண்ணு இருக்கு. அந்த வகை மாத்திரை அட்ரினலின் போய் ஒட்டற இடத்துல சிலதை மறிச்சுக்கும். அதனால மருந்து எதிர்பார்த்த அளவுக்கு எடுபடாம போகலாம். புரோப்ரனலால் மாதிரி மாத்திரையில இந்தத் தொல்லை இன்னும் கூட. அப்படி எடுபடாதப்ப குளுக்ககான்னு ஒரு மருந்தை வெயின்ல கொடுக்கற வழி இருக்கு. அதனால எங்க போனாலும் "இந்த மாத்திரை சாப்பிடறார்"னு முதல்லயே சொல்லிடுங்க. மாத்திரையை மாத்தணுமான்னு பிபி பாக்கற டாக்டரைக் கேளுங்க. நீங்களா நிறுத்தாதீங்க, அடினோலாலைத் திடீர்னு நிறுத்தினா அதுவே இதயத்துக்கு வம்பு.

ராத்திரி ஷிஃப்ட் தம்பிக்கு: நெஞ்சுல நேரா குத்தற பழக்கம் முன்னாடி உண்மையிலயே இருந்துச்சு. நுரையீரல்ல ஓட்டை விழும், இதயத்தோட ரத்தக்குழாய் கிழியும், குத்தற நேரத்துக்கு நெஞ்சை அமுக்கறதையும் நிறுத்தணும். அதனால கைவிட்டாச்சு. சினிமாக்காரங்க இன்னும் கைவிடல.

மட்டக்களப்பான்

அக்கா சொன்ன பாம்புக்கடி விசயத்தில எங்கட பக்கத்துக் கதையொண்டு இருக்கு. நான் இலங்கையில ஒரு ஆதார வைத்தியசாலையில வேலை செய்யிறன். எங்களுக்கு வாற விசமுறி மருந்து இந்தியாவில செய்யிறது, குதிரையின்ர இரத்தத்தில இருந்து எடுக்கிறது. அதை ஏத்தினால் எங்கட சனத்துக்கு ஒவ்வாமை வாறது சரியான கூட. பாம்பு கடிச்சதை விட மருந்துக்குத்தான் நாங்கள் பயந்தம் எண்டு சொன்னாலும் பிழையில்லை.

அதுக்குத்தான் இங்க ஒரு பெரிய ஆய்வு செய்தவை, 2011இல வெளிவந்தது. பாம்பு கடிச்ச 1007 பேர். விசமுறி ஏத்த முதலே சிலருக்கு அட்ரினலின் 0.25 மில்லிகிராம் தோலுக்குக் கீழ, சிலருக்கு ஹைட்ரோகோட்டிசோன் (ஸ்டீராய்டு), சிலருக்கு புரோமெதசீன் (அவில் மாதிரி மருந்து), சிலருக்கு ரெண்டு மூண்டு சேத்து, சிலருக்கு வெறும் போலி ஊசி. மொத்தமாப் பாத்தால் நாலில மூண்டு பேருக்கு ஏதோ ஒரு ஒவ்வாமை வந்திருக்கு. அட்ரினலின் போட்டவைக்கு மட்டும் கடுமையான ஒவ்வாமை முதல் ஒரு மணித்தியாலத்தில 43% குறைவு. மற்ற ரெண்டு மருந்தும் ஒரு பிரியோசனமும் தரேல்ல. அதுக்கு முன்னம் 1999இலயும் 105 பேரில ஒரு ஆய்வு நடந்தது. போலி ஊசிக்காரரில 43% பேருக்கு ஒவ்வாமை, அட்ரினலின் போட்டவையில 11% தான்.

கவனிக்க வேண்டினது, இது வருமுன் காக்கிற சின்ன அளவு, அதனால தோலுக்குக் கீழ. ஒவ்வாமை வந்திட்டுதெண்டால் அக்கா சொன்ன மாதிரித்தான்: விசமுறியை நிப்பாட்டி, தொடைத் தசையில அரை மில்லிகிராம்.

பழைய_சிஸ்டர்

நல்லா சொன்னீங்க தம்பி. அந்த மருந்துக்கு விஷம் எடுத்துக் கொடுக்கறதுல எங்க வடநெம்மேலி இருளர் கூட்டுறவுச் சங்கம்தான் பெரிய பங்கு. மாமல்லபுரம் போற வழியில இருக்கு, 1978-ல தொடங்கினது. நாங்களும் விஷமுறி பாட்டிலைத் தொங்க விடறதுக்கு முன்னாடியே சிரிஞ்சுல அட்ரினலினை ஏத்தி, பேர் எழுதி, தலைமாட்டுல வெச்சுடுவோம். முதல் கால் மணி நேரம் கட்டில் பக்கத்தை விட்டு நகர மாட்டோம். உடம்பைச் சொறிய ஆரம்பிச்சாலே கண்ணு சிரிஞ்சுக்குப் போயிடும்.

குழந்தைக்குத் தடுப்பூசி போட்டுட்டு அரை மணி நேரம் உக்காருங்கன்னா ஏன் சிஸ்டர் கடுப்பேத்தறீங்கன்னு சண்டைக்கு வர்றவங்க உண்டு. அதுவும் இதுக்காகத்தான். முகாமுக்குக் கொண்டு போற பெட்டியில அட்ரினலின் ஆம்பியூலும், எந்த வயசுக்கு எவ்வளவுன்னு எழுதின அட்டையும் இருக்கும். டாக்டர் வர்ற வரைக்கும் காத்திருக்காம கிராம நர்ஸே முதல் டோஸைப் போடலாம்னு அனுமதியும் இருக்கு.

சந்தேகப்பேர்வழி

இழையில குறுக்கிடறதுக்கு மன்னிக்கணும். என் பெரியப்பாவுக்கு வீட்டுல நெஞ்சு வலி வந்து, ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள மூச்சு நின்னுடுச்சு. அங்க ரொம்ப நேரம் அமுக்கினாங்க, அட்ரினலினும் திரும்பத் திரும்பப் போட்டாங்க. ஒரு தடவை துடிப்பு வந்துச்சுன்னாங்க, அப்புறம் ஐசியூல ரெண்டு நாள் கழிச்சுப் போயிட்டார். அவ்வளவு சக்தியான மருந்துன்னா ஏன் காப்பாத்தல? சும்மா பில்லுக்காகப் போட்டாங்களோன்னு வீட்டுல இன்னமும் பேசறாங்க.

மயக்கமருந்து_முதுநிலை

பெரியப்பா விஷயம் வருத்தமா இருக்கு. பில்லுக்காகன்னு நினைக்க வேண்டாம், அட்ரினலின் ஆம்பியூல் ரொம்ப மலிவான மருந்து. இதயம் நின்னா உலகம் முழுக்க எல்லா வழிகாட்டுதல்லயும் அது இருக்கு.

ஆனா உங்க கேள்வி நியாயமான கேள்வி. இங்கிலாந்து, வேல்ஸ் ஆம்புலன்ஸ்கள்ல இதையேதான் சோதிச்சுப் பார்த்தாங்க. பாராமெடிக்-2ன்னு பேர், முடிவு 2018-ல வந்துச்சு. ஆஸ்பத்திரிக்கு வெளியே இதயம் நின்ன 8014 பேர். பாதிப் பேருக்கு அட்ரினலின், பாதிப் பேருக்கு வெறும் உப்புத்தண்ணி. 30 நாள் கழிச்சு உயிரோட இருந்தவங்க அட்ரினலின் பக்கம் 3.2%, உப்புத்தண்ணி பக்கம் 2.4%. உயிர் பிழைக்க உதவுது, அதுல சந்தேகமில்ல. ஆனா மூளை நல்லபடியா இருந்து வீடு திரும்பினவங்களைப் பார்த்தா 2.2%, 1.9%. பெரிய வித்தியாசம்னு சொல்ல முடியல. பிழைச்சவங்கள்ல மூளை கடுமையா பாதிக்கப்பட்டவங்க அட்ரினலின் பக்கம் 31%, அந்தப் பக்கம் 17.8%. இதயத்தைத் திரும்ப ஓட வைக்குது. அதுக்குள்ள செத்துப்போன மூளையை இதால மீட்க முடியல. பெரியப்பாவுக்கும் அநேகமா இதுதான் நடந்திருக்கும்.

அந்தக் கட்டுரையிலேயே இன்னொரு கணக்கும் இருக்கு. கூடுதலா ஒருத்தரைப் பிழைக்க வைக்க அட்ரினலினை 112 பேருக்குப் போடணும். பக்கத்துல இருக்கறவங்க உடனே நெஞ்சை அமுக்கினா 15 பேருக்கு ஒருத்தர். சீக்கிரமா நெஞ்சுல கரண்ட் ஷாக் கொடுத்தா 5 பேருக்கு ஒருத்தர். வீட்டுல விழுந்தவருக்கு ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் யாராவது நெஞ்சை அமுக்கிட்டே இருந்திருந்தாங்களாங்கறதுதான் ஊசியை விடப் பெரிய கேள்வி. உங்க வீட்டைக் குத்தம் சொல்லல, நம்ம ஊர்ல அதை யாரும் பெருசா சொல்லிக் கொடுக்கறதில்ல.

பழைய_சிஸ்டர்

டாக்டர் சொன்ன கணக்கு சரிதான். ஆனா இந்த ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பிக்காதீங்க. இதயம் நின்ன அப்புறம் போடறது கடைசி முயற்சி. அலர்ஜியில போடறது இதயம் நிக்காம இருக்கறதுக்கு. அங்க சதவீதத்துல பேசற மருந்தை, இங்க கண்ணால பார்க்கலாம். நீலம் பாரிச்ச உதடு சிவக்கறதை எத்தனையோ தடவை நின்னு பார்த்திருக்கேன்.

தென்னந்தோப்பு

ரொம்ப நன்றி சிஸ்டர். முழுசாப் படிச்சு சித்தப்பாவுக்கும் அனுப்பிட்டேன். இன்னும் பதில் வரல. கடைசியா ஒண்ணு: வீட்டுல வாங்கி வெச்சுக்கறது? அமெரிக்காவுல பேனா மாதிரி ஒண்ணு இருக்காமே, அத்தை பையன் வாங்கிட்டு வரட்டுமான்னு கேக்கறான். கூடு இன்னும் அங்கேயேதான் இருக்கு.

பழைய_சிஸ்டர்

கூடு அங்கேயே இருக்கா! அதை முதல்ல பாருங்க, ஊசி அப்புறம். தீயணைப்பு நிலையத்துக்குப் போன் போட்டா வந்து எரிச்சுட்டுப் போவாங்க, பெரும்பாலும் இருட்டினதுக்கு அப்புறம்தான் வருவாங்க. நீங்களா பந்தம் கட்டிட்டுப் போகாதீங்க. அப்பாவை அந்தப் பக்கமே விடாதீங்க.

பேனா விஷயம். அது நல்ல சாமான்தான். மூடியைக் கழட்டித் தொடையில அழுத்தினா போதும், பேண்ட்டுக்கு மேலேயே குத்தலாம். நம்ம ஊர் மருந்துக்கடையில கேட்டவுடனே எடுத்துக் கொடுக்கற பொருள் இல்ல அது. விலையும் கூட, காலாவதித் தேதி வந்தா மறுபடி வாங்கணும். அத்தை பையன் வாங்கிட்டு வர முடிஞ்சா, இங்க ஒரு டாக்டர்கிட்ட காட்டி எழுதி வாங்கிக்குங்க. ஒண்ணு போதாம போகலாம், ரெண்டா வெச்சுக்கணும். வெயில்லயோ பைக் பெட்டியிலயோ போட்டு வைக்கக் கூடாது.

ஆம்பியூலும் சிரிஞ்சும் வாங்கி வெச்சுக்கறதை டாக்டர் எழுதிக் கொடுத்து, அளவைக் காட்டிப் பழக்கினா மட்டும் செய்யுங்க. பதட்டத்துல கண்ணாடி ஆம்பியூலை உடைச்சு சரியா அரை மில்லி எடுக்கறது பழகின கைக்கே சில நாள் தடுமாறும். பேர்லயும் குழப்பம் வரும். டெல்டா பக்கம் பூச்சிமருந்து குடிச்சு வர்றவங்களுக்கு அட்ரோபின் ஆம்பியூலைக் கணக்கில்லாம உடைப்போம். அட்ரினலினும் அட்ரோபினும் ஒரே ட்ரேயில பக்கத்துப் பக்கத்துல கிடக்கும், ரெண்டும் குட்டி ஆம்பியூல். நான் ட்ரேயை அடுக்கறப்ப ரெண்டுக்கும் நடுவுல டெக்ஸ்ட்ரோஸை வெச்சுடுவேன். புதுசா வந்த பிள்ளைங்க சிரிக்கும். அட்ரினலின் வெளிச்சம் பட்டா கெட்டுப்போகும், அதான் பழுப்பு நிற ஆம்பியூல். மருந்து தண்ணி மாதிரி இருக்கணும். இளஞ்சிவப்பா, பழுப்பா மாறியிருந்தா தூக்கிப் போடுங்க.

எந்த ஊசி கையில இருந்தாலும், போட்டுட்டு வீட்டுலயே இருந்துடக் கூடாது. மருந்தோட வேகம் சீக்கிரம் இறங்கிடும். அலர்ஜி சில மணி நேரம் கழிச்சு இன்னொரு தடவை எழும்பி வர்றதும் உண்டு. அப்பாவை ஒரு நாள் வெச்சுப் பார்த்தது அதுக்குத்தான். 108-க்குப் போன் பண்ணும்போதே "கதண்டு கொட்டி மூச்சுத் திணறுது, போன தடவை மயங்கி விழுந்தார்"னு சொல்லுங்க. ஆஸ்பத்திரி வாசல்லயே "போன தடவை அட்ரினலின் போட்டுத்தான் சரியாச்சு"ன்னு சத்தமா சொல்லுங்க. டிஸ்சார்ஜ் சீட்டை போட்டோ எடுத்து வீட்டுல எல்லார் போன்லயும் வெச்சுக்குங்க.

இன்னொண்ணு, எழுத மறந்துட்டேன். பத்து இருபது கதண்டு சேர்ந்து கொட்டினா அது வேற மாதிரி ஆபத்து. அலர்ஜியே இல்லாதவங்களுக்கும் விஷத்தோட அளவாலேயே சதை கரைஞ்சு கிட்னி அடிபடும். சிறுநீர் டீ டிகாஷன் மாதிரி கறுத்து வந்தாலோ, அளவு குறைஞ்சாலோ உடனே காட்டணும். அதுக்கு அட்ரினலின் பதில் இல்ல, டிரிப்ஸும் சில பேருக்கு டயாலிசிஸும்தான். அப்பாவுக்கு மூணு கொட்டுதான்னாலும், ரத்தத்துல கிரியாட்டினின் (கிட்னி நல்லா இருக்கான்னு காட்டற அளவு) பார்த்தாங்களான்னு அந்தச் சீட்டுலயே இருக்கும், பாருங்க.

தென்னந்தோப்பு

பார்த்துட்டேன் சிஸ்டர், 0.9ன்னு போட்டிருக்கு. தீயணைப்புக்கும் போன் பண்ணியாச்சு, நாளைக்கு ராத்திரி ஏழு மணிக்கு மேல வர்றேன்னாங்க. கிளினிக் டாக்டர்கிட்ட இதையெல்லாம் எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியல, எங்க ஊருக்கு அவர் ஒருத்தர்தான்.

பழைய_சிஸ்டர்

நீங்க சொல்ல வேண்டாம். அப்பாவையே அழைச்சுட்டுப் போங்க. "அங்க தொடையில இந்த ஊசி போட்டாங்க டாக்டர், நீங்களும் ரெண்டு ஆம்பியூல் வெச்சிருந்தா எங்களுக்கு நிம்மதி"ன்னு அவர் சொல்லட்டும். 61 வயசுப் பெரியவர் கேட்டா மறுக்க மாட்டார்.